கொசு மருந்து வண்டியும் அப்பாவின் காதும்

ரொம்ப நாளாக எங்கள் கிளாஸ் மக்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "ஏன்டா, கடலூர்ல இருந்து சிதம்பரத்துக்கு பஸ் இருக்கு, ரயில் இருக்கு. நீ ஏன் அந்தக் கொசு மருந்து வண்டியைக் கட்டிக்கிட்டு அழுவுற?" ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கொசு மருந்து வண்டி என்று இவர்கள் சொல்வது யமஹா ஆர்எக்ஸ் 100. 1995 மாடல். அப்பா 1999-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அதாவது எனக்கு முன்னாடியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட மூத்த பிள்ளை. ஆல்பேட்டையிலிருந்து சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்கு அப்பா இதில்தான் போய் வந்தார். நைட் ஷிப்ட் முடித்து அவர் தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து அம்மா அடுப்பைப் பற்ற வைப்பார். அவ்வளவு துல்லியம்.

2022-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் பலம் குறைந்துவிட்டன. பேச்சும் தடைபட்டது. சொல்ல நினைப்பது மனசுக்குள் தெளிவாக இருக்கிறது, வாய்க்கு வருவதற்குள் பாதி உடைந்துவிடுகிறது. வண்டியின் கிக்கர் வலது பக்கம். அப்பாவின் வலது கால் போனபோதே வண்டியும் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை நான் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். மெக்கானிக்கல் மக்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், தெர்மல் லேபில் வெட்டி வைத்த மாடலைப் பார்த்திருப்பீர்கள். (பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹி ஹி.) இன்றைக்கு நாம் ஓட்டும் பைக்குகள் எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒருமுறை வெடிக்கும். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும். 98 சிசியில் ஆர்எக்ஸ் 11 குதிரைத்திறன் தந்தது. அதே அளவு ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் இன்றைக்கும் எட்டைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற வால்வு, கேம், செயின் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள், அவ்வளவுதான். பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் கேஸுக்குள் பெட்ரோலும் காற்றும் இழுக்கப்படும். கீழே வரும்போது அது அமுங்கிப் பக்கவாட்டு வழியாக மேலே ஏறும். புதுக் கலவை உள்ளே வந்து பழைய புகையை வெளியே தள்ளும்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, கிராங்க் கேஸ் வழியாகத்தான் பெட்ரோல் போகிறது என்பதால் அங்கே எண்ணெயை நிரப்பி வைக்க முடியாது. பெட்ரோலோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற டூடி ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஒரே காப்பு. வேலை முடிந்ததும் அந்த எண்ணெயும் எரிந்து வெளியே போய்விடும். அதுதான் புகை. பழைய டிவிஎஸ் மொபெட்டில் நாமே பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவோம். ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டாங்க், தனி பம்ப். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க கேபிள் பம்பையும் சேர்த்து இழுக்கும், எண்ணெய் கூடும்.

இரண்டாவது சிக்கல், புகையைத் தள்ளிக்கொண்டு போகிற புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே அதே வழியாக வெளியே ஓடிவிடும். கால் பங்கு வரை, சமயங்களில் அதற்கு மேலும். பாதி காசு சைலன்சர் வழியாகப் போகிறது என்று பெரிசுகள் புலம்புவதில் பாதியாவது உண்மை. இதனால்தான் மாசு விதிகள் இறுக இறுக இந்த இன்ஜின்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100, 1996-ல் நின்றது. டிவிஎஸ் எக்ஸ்எல் கூட 2015-ல் எக்ஸ்எல் 100 என்று ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. காற்றை நினைத்தால் இது நியாயம்தான். எனக்கு வண்டி பிடிக்கும் என்பதற்காகப் புகையை நல்லது என்று சொல்ல மாட்டேன்.

வெளியே ஓடுகிற கலவையைத் திருப்பி உள்ளே தள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஜெர்மனியில் ஷோபாவ் என்ற ஊரில் எம்இசட் என்று ஒரு கம்பெனி. அங்கே வால்டர் காடன் என்ற இன்ஜினியர், சைலன்சர் குழாயை வயிறு பருத்து வால் சிறுத்தாற்போல் அமைத்து, அதற்குள் ஓடும் அழுத்த அலை திரும்பி வந்து தப்பிக்கப் பார்க்கும் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும்படி செய்தார். அவருடைய வண்டியை ஓட்டிய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961 செப்டம்பரில் ஸ்வீடனில் பந்தயம் நடந்தபோது அப்படியே மேற்குப் பக்கம் தாவிவிட்டார். மனைவி மக்களைக் கார் டிக்கியில் ஒளித்துக் கடத்திக் கொண்டுவந்தார்கள். ஆள் நேராக சுசூகிக்குப் போனார். அடுத்த வருடமே, 1962-ல், சுசூகிக்கு 50 சிசியில் உலகப் பட்டம். யமஹாவின் கதையும் இதே ஊரில்தான் தொடங்குகிறது. 1955-ல் வந்த யமஹாவின் முதல் பைக், அதே ஷோபாவ் தொழிற்சாலை டிகேடபிள்யூ என்ற பெயரில் இருந்தபோது செய்த ஆர்டி 125-ஐப் பார்த்துச் செய்ததுதான். ஆக, சத்தம் வரணும் என்று சைலன்சருக்குள் இருக்கும் குழாயைக் கழற்றி வீசுகிற தம்பிகளே, ஒரு மனுஷன் குடும்பத்தை டிக்கியில் போட்டுக் கடத்திய டெக்னாலஜி அய்யா அது. கழற்றாதீர்கள்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. எங்களுக்குக் காற்றை விடத் தண்ணீர்தான் எமன். டிசம்பர் 2-ல் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை இரு கரையும் கொள்ளாமல் கடலூருக்குள் வந்தது. அப்பாவை முதலில் திருப்பாதிரிப்புலியூரில் மாமா வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வண்டியை எடுக்க நேரமில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. வண்டி ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து கிடந்தது. டாங்க் மேல் ஆற்று மண். ஹெட்லைட்டுக்குள் தண்ணீர், மீன் தொட்டி மாதிரி.

மாமா பையன் ஆர்வக்கோளாறு. நிமிர்த்தி நிறுத்தியதும் கிக்கரில் காலை வைத்துவிட்டான். அப்போது பின்னால் ஆட்டோவிலிருந்து ஒரு சத்தம்.

"வேணாம்!"

அப்பா. இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து உடையாமல் வந்த முதல் வார்த்தை. அம்மா வீட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவர், அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஏன் வேணாம்? தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் கனெக்டிங் ராடு வளையும், இல்லை என்றால் சேறு உள்ளே போய்ச் சிலிண்டரைக் கீறும். வெள்ளத்தில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இது ஆர்எக்ஸுக்கு மட்டுமில்லை, உங்கள் ஸ்கூட்டிக்கும்தான்.

பிறகு வேலை தொடங்கியது. அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டேன். எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனுக்கு அந்த வாரம் மூச்சு விட நேரமில்லை, ஊரே அவர் கடை வாசலில் நின்றது. "தம்பி, பிளக்கைக் கழட்டி தண்ணிய மட்டும் எடுத்து வை. லேட் ஆச்சுன்னா கிராங்க் பேரிங்கு துரு புடிச்சிரும்" என்று சொல்லி ஒரு ஸ்பானர் செட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்குள் எண்ணெய் நிற்பதில்லை என்றேன் அல்லவா, அதனால் உள்ளே போன தண்ணீருக்கும் பேரிங்குக்கும் நடுவே எந்தத் திரையும் இல்லை.

பிளக்கைக் கழற்றி வண்டியைப் படுக்க வைத்து மெதுவாகப் பின் சக்கரத்தைக் கியரில் சுற்றினோம். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. கியர் ஆயில் பால் அதிகமான டீ மாதிரி வந்தது. பெட்ரோல் டாங்கை முழுசாகக் காலி செய்தேன். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து டாங்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலாக வடித்தால் போதாது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி ஜெட் ஓட்டைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். (ஊசி விட்டுக் குத்தக் கூடாது. ஓட்டை பெரிசாகிவிடும்.) பிளக் ஓட்டை வழியாக டூடி ஆயிலை ஊற்றிச் சுற்றிச் சுற்றி வடித்தோம். மேக்னெட் மூடியைத் திறந்து சேற்றைக் கழுவி, பிளாட்டினம் பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தேன். பிளக் இடைவெளி 0.6. சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு தவளை விழுந்தது. சத்தியமாக.

ஆயில் பம்பில் மட்டும் அப்பா விடவில்லை. ஆயில் டியூபில் காற்றுக் குமிழ் இருந்தால் எண்ணெய் போகாது. பம்பில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திறந்து, குமிழ் நிற்கும் வரை எண்ணெய் வழிய விட வேண்டும். நான் ஒரு நிமிடத்தில் மூடப் போனேன். அப்பா இடது கையை அசைத்து "இன்னும்... இன்னும்" என்றார். நாலாவது நிமிடம் ஒரு பெரிய குமிழ் வந்து உடைந்தது. அதோடும் திருப்தி இல்லை. முதல் டாங்க் பெட்ரோலில் கொஞ்சம் ஆயிலைக் கலக்கவும் சொன்னார். பம்ப் ஏமாற்றினாலும் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும் என்று.

பொங்கலுக்கு முந்தின வாரம், பதினேழாவது உதையில் வண்டி பிடித்தது. தெரு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு ஆயா "இன்னாடா, போகிக்கு முன்னாடியே கொளுத்திட்டீங்களா" என்றார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றுதான் சொன்னார்.

இனி என் வீரப் பிரதாபம்.

வண்டியை வாரத்துக்கு இரண்டு நாள் சிதம்பரத்துக்கு எடுத்துவர ஆரம்பித்தேன். ஒரு வழிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். முதல் நாளே நம் மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள். கொசு மருந்து வண்டி. அண்ணாமலை நகருக்குள் நான் நுழைந்தால் மூக்கைப் பொத்துவது, டெங்கு ஒழிந்தது என்று கைதட்டுவது. கூட வந்த ஒரு சிரிப்பை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. யாருடைய சிரிப்பு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

உடனே புகையைக் குறைக்கும் முயற்சியில் இறங்கினேன். நாலைந்து வீடியோ பார்த்தேன். நான்தான் மெக்கானிக்கல் ஆயிற்றே! ஆயில் பம்ப் கேபிளைத் தளர்த்தினேன், எண்ணெய் குறைந்தது. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன், ஊசி இறங்கிப் பெட்ரோல் குறைந்தது. ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்தேன், காற்று கூடியது. மூன்றும் ஒரே ராத்திரியில். காலையில் ஸ்டார்ட் செய்தால் புகையே இல்லை. சத்தம் வெண்கல மணி மாதிரி கணீர் என்று இருந்தது. இழுவையும் அருமை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திண்ணையிலிருந்து அப்பா ஏதோ சொன்னார். "கொ... கொற... கொறச்சி..."

எனக்கு ஒன்பது மணிக்கு லேப். "சரிப்பா, வேகத்தக் கொறச்சிதான் போவேன், கவலப்படாத" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார். டாட்டா என்று நினைத்தேன்.

கடலூர் தாண்டிப் பூண்டியாங்குப்பத்திலிருந்து சட்டநாதபுரம் வரைக்கும் இப்போது நால்வழிச் சாலை. 2025 ஏப்ரலில் திறந்தார்கள். பழைய ரோடாக இருந்தால் ஊருக்கு ஊர் மார்க்கெட், வேகத்தடை, மாடு என்று ஆக்சிலேட்டரை விட்டு விட்டுத்தான் பிடிக்க முடியும். புது ரோட்டில் அந்தப் பேச்சே இல்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் முறுக்கினது முறுக்கினபடி எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். மே மாத வெயில். இன்ஜின் சத்தம் மெல்ல ஒரு மாதிரி கனத்தது. காற்று எதிரில் அடிக்கிறது போல என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

கிர்ர்ர்க். பின் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. எழுபதில்.

வண்டி பின்பக்கத்தை இடது வலது என்று ஆட்டிக்கொண்டு வழுக்கியது. பின்னால் பஸ் ஹாரன். என் கை தானாகக் கிளட்சைப் பிடித்திருந்தது. பிடித்ததும் சக்கரம் விடுபட்டு உருண்டது. எப்படியோ ஓரம் கட்டி நின்றேன். பஸ் உரசாத குறையாகப் போனது. கால் நடுக்கத்தில் ஸ்டாண்டைப் போட முடியவில்லை.

அந்தக் கிளட்ச் என் புத்திசாலித்தனம் கிடையாது. ப்ளஸ் ஒன் லீவில் அப்பா சில்வர் பீச் ரோட்டில் எனக்கு இந்த வண்டியைக் கற்றுக்கொடுத்தபோது சொன்ன முதல் பாடம்: "டூ ஸ்ட்ரோக் எப்ப வேணா கையப் புடிக்கும். கிளட்ச் மேல ரெண்டு வெரல் எப்பவும் இருக்கணும்." அப்போது அவருக்கு நாக்கு நன்றாக இருந்தது.

அரை மணி நேரம் ஆறவிட்டு உதைத்தால் கிக்கர் இறங்கியது, ஆனால் உள்ளே சுத்தியல் தட்டுகிற மாதிரி சத்தம். மீன் பெட்டி கட்டிய எக்ஸ்எல் ஒன்றில் வந்த அண்ணன் நிறுத்தினார். "ஆர்எக்ஸா? ஏறி உக்காருப்பா" என்று சொல்லி, தன் காலை என் ஃபுட்ரெஸ்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே பி.முட்லூர் வரை கொண்டுவந்து விட்டார். பதினொரு குதிரை வண்டியை மீன் வண்டி தள்ளுகிறது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "எங்கப்பாவும் வச்சிருந்தாரு" என்றார்.

மினி லாரியில் ஏற்றிக் கடலூருக்கே திரும்பக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டனில், சைலன்சர் பக்கமாக, மேலிருந்து கீழே நகத்தால் பிறாண்டின மாதிரி கோடுகள். பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அதைக் காட்டி ஒரே வார்த்தை சொன்னார்: "பட்டினி போட்டிருக்க."

என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ 13.5-க்கு இறங்கும். அதாவது அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் அதிகப் பெட்ரோல் போக வேண்டும். இப்போது வரும் வண்டிகளில் சென்சார் பார்த்துக் கூட்டிக்கொடுக்கும். 1995 கார்புரேட்டருக்கு ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான். ஆக நான் கை வைப்பதற்கு முன்பே வண்டிக்குத் தீனி கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் நான் ஊசியை இறக்கினேன், காற்றைக் கூட்டினேன், எண்ணெயையும் குறைத்தேன். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் கலவைதான் எரிபொருள், எண்ணெய், குளிர்ச்சி மூன்றுமே. அது குறைந்தால் சூடு ஏறும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியின் பருமனில் பாதிதான். அலுமினிய பிஸ்டன் சூட்டில் சிலிண்டரை விட வேகமாக உப்பும். இடைவெளி காலி. கணீர் என்று நான் ரசித்த சத்தம் பசியில் கத்தின சத்தம்.

ராத்திரி வீட்டுக்கு வந்தேன். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், கையில் பிஸ்டன் இருந்தது. அப்பா அதை இடது கையில் வாங்கிக் கோடுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, காலையில் சொல்ல ஆரம்பித்ததைச் சொல்லி முடித்தார்.

"கொறச்சிட்ட... எண்ண."

அதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பத்து வினாடி ஆனது. நான் எண்ணினேன். காலையில் அந்தப் பத்து வினாடியைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு மட்டும் இல்லை. மூன்று வருடமாக அவர் வாக்கியத்தைத் தொடங்குவார், நான் எனக்கு வசதியாக முடித்துக்கொண்டு "சரிப்பா" என்று கிளம்பிவிடுவேன். தண்ணி என்று தொடங்கினால் தம்ளரை நீட்டுவேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்ல வந்திருப்பார்.

மறுவாரம் லேத் பட்டறையில் சிலிண்டரை 0.50 ஓவர்சைஸுக்குப் போர் போட்டோம். புது பிஸ்டன், ரிங்குகள், கிராங்க் ஆயில் சீல்கள் எல்லாம் மாற்றினோம். (சீல் போனாலும் அது வழியாகக் காற்று உள்ளே போய் இதே கதிதான். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அதையும் மாற்றிவிடுவது நல்லது.) செலவுக்கு என் லேப்டாப் கனவு ஒரு வருடம் தள்ளிப்போனது.

ட்யூனிங்கை இந்த முறை திண்ணைக்குக் கீழேயே வைத்துக்கொண்டேன். மெயின் ஜெட் ஒரு நம்பர் பெரிசு. கிளிப் பழைய பள்ளத்துக்கு. பம்பில் இருக்கும் கோடும் புள்ளியும் நேராக வரும்படி கேபிள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஸ்க்ரூவை முழுசாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து அப்பாவின் காதுக்கு விட்டுவிட்டேன். நான் முறுக்கி விடுவேன். விட்டதும் சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இறங்கும்போது விக்கிக்கொண்டு அணையப் பார்த்தால் பெட்ரோல் அதிகம். இதெல்லாம் எனக்கு இப்போது வார்த்தையில் தெரியும். அவருக்குக் காதில் தெரியும். இடது கை ஆள்காட்டி விரலை ஒரு நூல் அளவு திருப்பிக் காட்டுவார். "ரவ" என்பார். நான் ரவ திருப்புவேன். ஒரு மணி நேரம் ஆனது. அவசரப்படவில்லை.

முக்கியமான ஒரு விஷயம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். அதை ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்த பிறகுதான் அடுத்தது. வெள்ளை என்றால் பட்டினி, ஈரக் கறுப்பு என்றால் அஜீரணம், காய்ந்த பழுப்பு என்றால் சாப்பாடு சரி. மூன்றையும் ஒரே ராத்திரியில் திருப்பினால் என்னைப் போல நடு ரோட்டில்தான் பாடம் படிக்க வேண்டும்.

இப்போது ஓட்டிப் பழக்குகிற கட்டம். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது, ஒரே வேகத்தில் நீட்டிப் பிடிக்கவும் கூடாது. அதனால் நால்வழிச் சாலையை விட்டுவிட்டுப் பழைய ரோட்டில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராக டீ குடித்துக்கொண்டு வருகிறேன். லேபுக்கு லேட் ஆவது இதனால்தான். வாரா வாரம் பிளக், மாதம் ஒருமுறை ஏர் ஃபில்டர், மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சைலன்சர் கரி எடுப்பது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுத்து என்னுடையது, சொன்னது அப்பா. ஏழு வரி எழுத ஒரு சாயங்காலம் ஆனது.

புகை? திரும்ப வந்துவிட்டது மக்களே. நாளைக் காலையும் வரும். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், அது நியாயம். கைதட்டுகிறவர்கள் தட்டலாம். கேபிளை மட்டும் நான் இனிமேல் தொடுவதாக இல்லை.

டிஸ்கி: சைலன்சரில் விழுந்த தவளை உயிரோடுதான் இருந்தது. கிணற்றடிப் பக்கம் தாவிப் போனதை அம்மாவே பார்த்தார்.